தோலைப் பிடிப்பவர்கள்

சமோவாவில் தட்டிக் குத்தும் பச்சையான தத்தாவ் நடக்கும் இடத்தில் போய் உட்காருகிறவர்களின் கண் நேராகத் குத்தும் கலைஞரான துஃபுங்காவின் வலது கைக்குத்தான் போகிறது. சவ்சவ் என்ற தட்டுக்கோல் எழுவதும் இறங்குவதும், அந்த இரட்டைத் தட்டும், தட்டுக்கும் தட்டுக்கும் இடையே விழும் அரை மூச்சு இடைவெளியும் மயக்கத்தான் செய்யும். ஆனால் அரை மணி நேரம் போன பிறகும் ஒருவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தால் அவருடைய ரசனையில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பார்க்க வேண்டியது இரண்டு பக்கமும் சம்மணமிட்டுக் குனிந்து தோலை இழுத்துப் பிடிக்கும் ஆவ்தோசோக்களின் கைகளை. ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை போட்டுக்கொள்ளும் பெஆவின் கோடு அங்கேதான் நேராகிறது, அங்கேதான் கோணுகிறது.

கடைகளில் நடக்கும் குத்துவேலைகளில் பெரும்பாலும் ஒரு வரைபடம் இருக்கும். தாளிலிருந்து தோலுக்கு ஒற்றியெடுத்து, ஊதாக் கோட்டின் மேல் ஊசியை ஓட்டினால் போதும். பெஆவுக்கு அப்படி எதுவும் கிடையாது. எல்லையைக் காட்ட அங்கங்கே ஓர் அடையாளம் வைப்பார்கள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் துஃபுங்காவின் கண்ணிலும் ஆவ்தோசோவின் உள்ளங்கையிலும் இருக்கிறது. இடுப்பின் பின்புறம், முதுகின் அடிப்பகுதி, இங்கெல்லாம் தோல் இயல்பாகவே கொஞ்சம் இறுக்கம்; அதனால் அங்கே வரும் வாஆ என்ற பகுதியைப் போடும்போது பிடிப்பவருக்கு வேலை சுலபம். விலாவுக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் ஏறி இறங்கும். உள்தொடையில் தோல் தொளதொளவென்று ஓடும். முழங்காலருகே தோலுக்கடியில் எலும்பும் நரம்பும் தவிர ஒன்றுமில்லை. இழுப்பு ஒரு நூல் தளர்ந்தாலும் ஆவ் என்ற குத்துக்கருவியின் பற்கள் ஒரே ஆழத்தில் இறங்காது. ஒரு பக்கம் கீறும், மறுபக்கம் தொடவே தொடாது. ஆறிய பிறகு அந்த இடத்தில் கோடு வெளிறி நிற்கும். அதை மறைக்க ‘ஆவ் தாபுலு’ என்ற அகலமான கருவியை எடுத்துக் கருப்பை அப்பிவிடுவார்கள். சில பெஆக்களில் விலாப்பக்கம் காரணமில்லாமல் அடர்த்தியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதிக்கும் மேல் வடிவத்துக்காகப் போட்டதல்ல, பிடிதவறியதை மூடியது என்பது என் கணிப்பு.

கச்சேரியில் தம்புரா போடுபவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சுருதி அரைக்கால் அளவு இறங்கினால் வித்வானுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் அன்றைய கச்சேரியே போச்சு. ஆவ்தோசோவின் நிலையும் அதுவேதான், ஒரே ஒரு வித்தியாசம்: தம்புரா பிசகினால் மறுநாள் மறந்துவிடலாம். இவர் பிசகியது இன்னொரு மனிதர் சாகும்வரை அவர் இடுப்பில் இருக்கும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பச்சை குத்துவதில் பொறுப்பு யாருடையது என்ற பேச்சு இப்போது உலகமெங்கும் நடக்கிறது. பேச்சு எங்கே போய் முடிகிறதென்றால் ஒரு படிவத்தில். பதினெட்டு வயது ஆகிவிட்டது, குடித்திருக்கவில்லை, ரத்த நோய் இல்லை, எழுத்துப்பிழையைச் சரிபார்த்துவிட்டேன், பின்னால் வருத்தப்பட்டால் கடை பொறுப்பல்ல, கீழே கையெழுத்து. என் உடம்பு, என் முடிவு, என் பணம். இதை நான் இளக்காரம் செய்யவில்லை. உடம்பு நம்முடையதாக இல்லாமல் போன வரலாறு பலருக்கு உண்டு, அவர்களுக்கு இந்தக் கையெழுத்து ஒரு விடுதலைதான். ஆனால் ஒரு கலையின் அறத்தை அந்தக் கலையின் வேலைமுறையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஊசி இயந்திரத்தின் முன்னால் இருவர்: குத்துபவர், குத்திக்கொள்பவர். அங்கே படிவம் பொருத்தம். தத்தாவ் பாயைச் சுற்றி எத்தனை பேர்! தட்டுபவர், இழுத்துப் பிடிப்பவர்கள், ரத்தத்தைத் துடைப்பவர், தலையை மடியில் வைத்து விசிறுகிற தங்கையோ மனைவியோ, மூலையில் உட்கார்ந்து பாடுகிற அத்தைமார்கள். இத்தனை கைகள் சேர்ந்து போடும் கோட்டுக்கு ஒருவர் மட்டும் எப்படிக் கையெழுத்திடுவது?

பெஆ மூத்து என்ற அவமானத்தை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் அதன் நியாயம் புரியும். தொப்புளில் வரும் புத்தே என்ற கடைசிக் குத்து விழாமல் எழுந்துபோனால் அது முடியாத பெஆ, பெஆ மூத்து. முதுகில் தொடங்கி, பக்கவாட்டில் சுற்றி, தொடைகளில் இறங்கி, முழங்காலை எட்டி, கடைசியில் தொப்புளுக்கு வந்து முடிக்கும்வரை போட்டுக்கொள்பவர் கடன்காரர். வலி தாங்காமல் மூன்றாம் நாள் ஓடிவிட்டவரின் பெயர் மட்டும் கெடுவதில்லை. குடும்பத்தின் பெயரும் சேர்ந்து கெடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கொடுமையாகத் தெரிகிறது. வலித்தால் நிறுத்தும் உரிமை வேண்டாமா என்கிறார்கள். வேண்டும், யாரும் கட்டிப்போடுவதில்லை. ஆனால் நிறுத்தினால் அது தன்னை மட்டும் பாதிக்கிற முடிவு என்று சொல்லிக்கொள்ள முடியாது. பரிசாகக் கொடுக்கும் ஈயே தோங்காப் பாய்களைச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள், சமைத்தவர்கள் இருக்கிறார்கள், விமானச் சீட்டு வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் நான் பார்த்த நல்ல துஃபுங்காக்கள் எல்லாரும் வருகிறவரிடம் முதலில் வடிவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் தெரியுமா, யார் கூட வருகிறார்கள், எதற்காக இப்போது, என்றுதான் கேட்கிறார்கள். திருப்தியான பதில் இல்லையென்றால், “பிறகு வா” என்று திருப்பி அனுப்பவும் தயங்குவதில்லை. வருமானத்தை விட்டுக்கொடுக்கும் அந்தக் கணத்தில் ஒரு கைவினைஞரின் தரம் தெரிந்துவிடும்.

முடிந்த பிறகுதான் இன்னும் பெரிய கணக்கு ஆரம்பிக்கிறது. நிறைவுச் சடங்கான சமாங்கா அன்று தலையில் முட்டையை உடைத்து, மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெயை உடம்பெல்லாம் பூசி விடுவார்கள். அதோடு அவர் சோங்காயிமித்தி, முழுப் பெஆ சுமப்பவர். பெருமை அவருக்கு, வேலையும் அவருக்கே. குடும்பத் தலைவர்களான மத்தாய்கள் கூடும் இடத்தில் ஆவா பானம் பரிமாறுவது, அடுப்பைப் பார்த்துக்கொள்வது, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போவது. அதிகாரத்துக்குப் போகும் பாதை தொண்டு என்று சமோவாவில் ஒரு பழமொழி உண்டு. பெஆ அந்தப் பாதையில் நிற்பதற்கான உடுப்பு. உடுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வராமல் இருப்பவரைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்றால் ஊரைக் குறை சொல்ல முடியாது.

ஆக்லாந்தின் தென்பகுதியில் குடியிருப்பவர்களுக்குக் கார் கொட்டகைகளின் மகிமை தெரியும். பிறந்தநாள், ஜெபக்கூட்டம், சீட்டாட்டம், இழவு எல்லாம் அங்கேதான். மாங்கெரெயில் அப்படி ஒரு கொட்டகையில் நான் பார்த்த ஆவ்தோசோ ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலில் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுபவர். விரல்கள் ஒவ்வொன்றும் மொந்தன் பழம் மாதிரி. அந்தக் கையை வைத்துக்கொண்டு இவர் எப்படி நுணுக்கமாகப் பிடிப்பார் என்று எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அன்று ஆசோ வரிசை போய்க்கொண்டிருந்தது; முதுகின் கருப்பிலிருந்து கிளம்பி, விலாவைத் தழுவி வயிற்றை நோக்கி வளைந்து வரும் மெல்லிய கோடுகள். பெஆ முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். கருப்புப் பரப்புகளை யாரும் போட்டுவிடலாம். ஆசோவில்தான் ஆளைத் தெரியும்.

அவர் உள்ளங்கையின் அடிப்பகுதியைத்தான் பயன்படுத்தினார், விரல்களை அல்ல. விரலால் பிடித்தால் ஐந்து இடத்தில் இழுப்பு விழும், தோல் அலை அலையாக நிற்கும். உள்ளங்கை அடியால் அழுத்தி வெளிப்பக்கம் தள்ளினால் தோல் ஒரே தளமாக விரிகிறது. படுத்திருந்த பையன் மூச்சை உள்ளிழுக்கும்போது இவர் ஒரு மயிரிழை தளர்த்துவார், வெளிவிடும்போது அதே அளவு இழுப்பார். அதனால் ஆவின் கீழே தோல் அசையவே இல்லை. மூச்சு என்று ஒன்று நடப்பதே கோட்டுக்குத் தெரியவில்லை. துஃபுங்கா ஆவை அடுத்த இடத்துக்கு நகர்த்தும் முன்பே இவர் கை அங்கே போயிருக்கும். ஒரு தலையசைப்புக் கூட இருவருக்கும் இடையில் நடக்கவில்லை. துடைப்பதிலும் ஒரு ஒழுங்கு. புதிய கோட்டின் குறுக்கே துணியைத் தேய்க்கவில்லை. கோடு போன திசையிலேயே ஒரு ஒற்று, ஒரு இழுப்பு. கடைசிப் பல் பதிந்த இடம் துஃபுங்காவின் கண்ணுக்குத் தெரிந்தவுடன் துணி விலகிவிடும். தொடர வேண்டிய இடம் அந்த ஒரு புள்ளிதான். அதை ரத்தத்திலும் மையிலும் தொலைத்துவிட்டால் கோட்டில் மூட்டு விழும். அன்று போட்ட ஆசோக்களை ஆறிய பிறகு பார்த்தேன். ஒன்றில் கூட மூட்டு இல்லை. பையனின் சொந்தக்காரர்கள் துஃபுங்காவைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னார்கள். மூட்டைக்காரர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எத்தனை வருடம் பிடித்தால் தட்ட விடுவார்கள் என்று அவரிடம் கேட்டேன். தட்டுவதைப் பற்றித் தான் யோசிப்பதே இல்லை என்றார். “பிடிக்கிறவன் தூங்கினால் தட்டுகிறவன் பொய்யனாகிவிடுவான்” என்று ஒரு வார்த்தை சொன்னார். தத்தாவ் அறத்தைப் பற்றி நான் படித்த கனமான புத்தகங்களை எல்லாம் விட எனக்கு இது போதும்.

துஃபுங்காக்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் நான் தயங்காமல் சுஆ சுலுஆப்பே பாவ்லோ இரண்டாமவரைச் சொல்வேன். நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, 1999இல் போய்விட்டார். புகைப்படக்காரர் மார்க் ஆடம்ஸ் 1978 தொடங்கி ஆக்லாந்தின் புறநகர் வீடுகளில் எடுத்த படங்கள் வழியாகத்தான் அவரைத் தெரியும். அவற்றை வைத்து 2010இல் தே பாப்பா பதிப்பகம் போட்ட புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். ஆடம்ஸிடம் எனக்குப் பிடித்தது, கோடுகளை மட்டும் நெருங்கிப் போய் எடுக்கும் ஆசை அவருக்கு இல்லை. அறை முழுவதையும் எடுத்தார். தரையில் பாய், சுற்றிலும் ஒரு நியூசிலாந்துத் தொழிலாளி வீட்டின் சாமான்கள், நடுவில் பாவ்லோ, இரு பக்கமும் பிடிப்பவர்கள். பொறுப்பு எத்தனை பேரிடம் பரவிக் கிடக்கிறது என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இப்போது வரும் பெரும்பாலான படங்களில் ஆறிய, எண்ணெய் பூசிய, தலை வெட்டப்பட்ட ஓர் இடுப்பு மட்டும்தான் இருக்கிறது. அது பெஆவின் படமல்ல, தோலின் படம்.

பாவ்லோவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. வெள்ளையர்களுக்குப் பெஆ போட்டார். ஓவியர் டோனி ஃபோமிசன் அவர்களில் முக்கியமானவர். 1990இல் இறக்கும்வரை பாவ்லோ போட்ட பெஆவோடு வாழ்ந்தார். சுலுஆப்பே குடும்பத்தார் வெளியாட்களுக்குத் தங்கள் பட்டத்தையும் கொடுத்தார்கள். பரம்பரைச் சொத்தைத் தெருவில் இறைத்துவிட்டார்கள் என்று கோபப்படும் சமோவா நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு உரிமை குறைவு. ஆனாலும் ஒன்றைச் சொல்வேன். ஹவாயின் கியோனே நூனெஸுக்குப் பாவ்லோ கற்றுக்கொடுத்தார். தட்டிக் குத்தும் வழக்கம் அற்றுப்போயிருந்த ஒரு தீவுக்கூட்டத்துக்கு அந்தக் கை மூலம்தான் அது திரும்பியது. கொடுப்பதைத் தப்பென்று சொன்னால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கேள்வி, வாங்கியவர் வெள்ளையரா கறுப்பரா என்பதல்ல; வாங்கியதோடு வரும் வேலையையும் வாங்கிக்கொண்டாரா என்பது. அந்தக் கேள்வியை ஐரோப்பிய மாநாடுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போனவர்களிடமும் கேட்கலாம், சமோவாவில் பிறந்து வளர்ந்து, பெஆ போட்டுக்கொண்ட மறுவாரமே ஆவா பரிமாற ஆள் தேட வைக்கும் இளைஞர்களிடமும் கேட்கலாம். இரண்டாவது கூட்டத்திடம் யாரும் கேட்பதில்லை.

இதே கேள்வியைச் சினிமாவின் பெரிய மனிதர் ஒருவரிடமும் கேட்டாக வேண்டும். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘மோவானா’ (1926) பற்றி ஆவணப்பட அன்பர்களிடம் பேச்செடுத்தால் கண்களை மூடிக்கொள்வார்கள். ஜான் கிரியர்சன் இந்தப் படத்தின் மதிப்புரையில்தான் ‘டாக்குமெண்டரி’ என்ற சொல்லை ஆவணப்படம் என்ற பொருளில் பயன்படுத்தினார் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் படத்தை விரும்புகிறவன்தான். சமோவாவின் சவாயித் தீவில் உள்ள சஃபுனேயில், 1923–24இல் எடுத்த அந்தக் கருப்பு வெள்ளையில் உடம்புகள் வெண்கலம் மாதிரி மின்னும். கடைசியில் வரும் தத்தாவ் காட்சிக்காகப் படத்தை எத்தனை தடவையும் பார்ப்பேன். ஆனால் கதாநாயகனாக வந்த தாஅவாலே பெஆ போட்டுக்கொண்டது படத்துக்காக, ஃப்ளாஹர்ட்டி கொடுத்த பணத்துக்காக. ஆண்மையின் சோதனை, மூதாதையர் முறை என்று திரையில் எழுத்து ஓடுகிறது. பாயில் கிடப்பது சம்பளத்துக்கு வலியைத் தாங்கும் ஒரு இளைஞர். நடிப்பில் சிந்தும் ரத்தத்தைக் கழுவிவிடலாம். இந்த நடிப்பு அவரோடு கல்லறைவரை போனது.

ஃப்ளாஹர்ட்டியைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். என்னைத் தொந்தரவு செய்வது வேறு. அந்தக் காட்சியில் தட்டுபவரும் பிடிப்பவர்களும் நடிக்கவில்லை. காசுக்காகக் கூப்பிட்டிருந்தாலும் கோடு விழுந்த விதத்தில் பொய் இல்லை, தோலைப் பிடித்த கைகளில் அலட்சியம் இல்லை. அழைத்தவரின் நோக்கம் கோணலாக இருந்தபோதும் வேலை செய்தவர்கள் கோணவில்லை. கைவினைஞரின் பொறுப்பும் வாடிக்கையாளரின் பொறுப்பும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஃப்ளாஹர்ட்டியின் மகள் மோனிகா பின்னாளில் அந்தத் தீவுக்குப் போய் ஒலிகளைப் பதிவுசெய்து, 1980இல் ஒலியோடு கூடிய வடிவத்தை முடித்தார். பலர் அதை விரும்புகிறார்கள். நான் பழைய ஊமைப் படத்தையே பார்ப்பேன். ஓசை இல்லாததால் கண் தானாகக் கைகளுக்குப் போகிறது.

முடியாமல் நின்ற குத்து எப்படி ஒருவரைத் துரத்தும் என்று அறிய விரும்புகிறவர்கள் சமோவா எழுத்தாளர் ஆல்பர்ட் வெண்டின் ‘த க்ராஸ் ஆஃப் சூட்’ சிறுகதைக்குப் போக வேண்டும். சிறைக்கைதி ஒருவர் ஒரு சிறுவன் கையில் நட்சத்திரம் குத்த ஆரம்பித்து நிறுத்த நேர்கிறது, சிலுவையாகவே நின்றுவிடுகிறது. பெஆவைப் பற்றிய கதை அல்ல அது. ஆனாலும் தொடங்குவதும் முடிப்பதும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி நான் படித்த கதைகளில் தலையானது.

இனி என் நண்பர்களோடு எனக்குள்ள சில்லறைத் தகராறுகள். முதலாவது, பன்றிக்கொம்பு. கொம்பில் அறுத்த பற்களும் ஆமையோடும் போய், துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக்கும் வந்ததிலிருந்து தத்தாவ் செத்துவிட்டது என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. ஓசை மாறிவிட்டது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், கொம்பின் தட்டில் ஒரு கனம் உண்டு. ஆனால் கொம்பை அழுத்தக் கொதிகலனில் போட்டுக் கிருமிநீக்கம் செய்ய முடியாது. ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குள் போகும் வழியை அடைப்பதற்காகத்தான் மாற்றினார்கள். பெஆ என்பது சின்னக் காயமல்ல. இடுப்பிலிருந்து முழங்கால்வரை திறந்த புண். சீழ் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. 2010இல் நியூசிலாந்துச் சுகாதார அமைச்சகம் மரபுவழிக் குத்துவேலை செய்பவர்களுக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. அரசாங்கம் பண்பாட்டில் மூக்கை நுழைக்கிறது என்று அப்போது முணுமுணுத்தவர்களில் பலர் தங்கள் பிள்ளைக்குப் போடும்போது மட்டும் கையுறையை எண்ணிப் பார்த்தார்கள். ஓசைக்காக மற்றவரின் ஈரலைப் பணயம் வைக்கும் ரசனை எனக்கு வேண்டாம். எஃகின் பற்கள் மெலிதாக இருப்பதால் ஆசோக்கள் இன்னும் நெருக்கமாக, இன்னும் கூர்மையாக வருகின்றன என்பது போனஸ்.

இரண்டாவது, கருப்பு. இன்றைய பெஆக்கள் மிகவும் அடர்ந்துவிட்டன. 1890களில் தாமஸ் ஆண்ட்ரூ எடுத்த படங்களையும், 1899இல் வந்த மார்க்வார்ட்டின் புத்தகத்தில் உள்ள வரைபடங்களையும் பாருங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தோல் மூச்சு விடுகிறது. அந்த வெற்றிடம்தான் கோட்டைக் கோடாகக் காட்டுகிறது. இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் கால்சட்டை போட்டது மாதிரி இருக்கிறது. படத்தில் எடுப்பாகத் தெரிகிறதாம். எடுப்பாகத் தெரியட்டும், ஆனால் அடர்ந்த கருப்பு பிழைகளை விழுங்கிவிடும். வெற்றிடம் விட்டவர்களுக்கு ஒளிய இடமில்லை. தன் பிழை தெரியும்படி வேலை செய்வதும் ஓர் ஒழுக்கம்தான்.

மூன்றாவது, ‘த ராக்’. நடிகர் டுவைன் ஜான்சனின் தோளில் 2003இல் தஹீத்திக் கலைஞர் ஒருவர் இயந்திரத்தால் போட்டது நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். அதில் அவர் குடும்பக் கதை இருக்கிறது. சங்கடம் என்னவென்றால் அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று உலகம் முழுக்கக் கடைகளில் கேட்கிறார்கள். போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். அடுத்தவருடைய தாத்தா பாட்டியைத் தன் தோளில் சுமந்துகொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதில் என்ன சுகமோ. கேட்டவர் அறியாமல் கேட்கலாம். போட்டுக் கொடுத்தவர் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் தொழிலே அதுதான். நைக்கி 2013இல் பெஆ வடிவத்தைப் பெண்களின் இறுக்கக் காற்சட்டையில் அச்சடித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றதையும், 2016இல் டிஸ்னி தன் கார்ட்டூன் படப் பாத்திரமான மாவியின் வேடத்துக்காகக் குத்துவேலையோடு கூடிய பழுப்புத் தோல் உடுப்பை விற்கப் பார்த்து மன்னிப்புக் கேட்டதையும் எல்லாரும் அறிவார்கள். பெரிய கம்பெனிகளைக் கண்டிக்கும் அதே வாய் பக்கத்துத் தெருக் கடைக்காரரிடம் ஏன் அடைத்துப்போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2019 ரக்பி உலகக் கோப்பைக்கு ஜப்பான் போன சமோவா வீரர்கள் பொது இடங்களில் தோல் நிறக் கைச்சட்டை போட்டுக் குத்துகளை மறைத்ததை என் நண்பர்கள் சிலர் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பச்சையைக் கண்டு நெளிகிற நாட்டில், விருந்துக்குப் போன வீட்டின் சங்கடத்தை மதித்தார்கள். மறைப்பது தத்தாவுக்குப் புதிதா என்ன? பெண்களின் தத்தாவான மாலுவைப் போட்டவர்கள் அதை எப்போதும் காட்டித் திரிவதில்லை. நடனத்தில், சபையில், பாவாடை நுனி ஒதுங்கும்போது முழங்காலுக்கு மேல் ஒரு கணம் தெரிகிற அழகு அது. எப்போது காட்டுவது, எப்போது மூடுவது என்று அறிந்திருப்பதும் அதைச் சுமப்பவரின் பொறுப்பில் சேர்ந்ததே. நாள்தோறும் குட்டைக் காற்சட்டையில் மாலுவைப் படமெடுத்துப் போடும் சிறுமிகளைத் திட்டும் கிழவிகளின் பக்கம் நான் நிற்கிறேன். பிற்போக்கு என்று சொன்னால் சொல்லுங்கள்.

தரம் இறங்கிவிட்டது என்று புலம்பாமல் இத்தகைய கட்டுரையை யாரும் முடித்ததில்லை, நானும் அந்த வழக்கத்தை மீறப்போவதில்லை. முன்பு இருவர் இருவராகப் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர் படுப்பார். அந்தச் சோவா முறை அபூர்வமாகிவிட்டது. ஒருவர் வலியை மற்றவர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டே பார்ப்பதில் ஒரு பாடம் இருந்தது. இப்போது ஒரு வார விடுப்பு, ஞாயிற்றுக்கிழமை விமானம், அதற்குள் முழுப் பெஆவும் வேண்டும். உடம்புக்கு ஆறுதலே கிடையாது. கடலில் குளித்து, நடந்து, பிசைந்து நீரை வெளியேற்றும் மாலை நேரங்கள் சுருங்கிவிட்டன. எல்லாவற்றையும் விட மோசம், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். சமீபத்தில் நான் போன ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள், ஆறு பேர் கையிலும் கைப்பேசி. விசிறி தரையில் கிடந்தது. ஆவ்தோசோக்களில் ஒருவர், இருபது வயதிருக்கும், இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் நேரலையில் யாருக்கோ பதில் எழுதினார். துஃபுங்கா இரண்டு தடவை தட்டுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விலாவில் மூன்று ஆசோக்கள் வெளிறித்தான் ஆறின. படுத்திருந்தவர் எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாருக்கும் அவருடைய சம்மதம் இருந்தது. அந்த மூன்று கோடுகளுக்கு யார் பொறுப்பு என்று எந்தப் படிவத்திலும் இல்லை.

நம் தமிழ்ப் பையன்கள் சிலர், நியூசிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பள்ளியில் சமோவாப் பிள்ளைகளோடு ரக்பி ஆடியவர்கள், “அங்கிள், நாங்களும் பெஆ போட்டுக்கலாமா, தப்பா?” என்று கேட்கிறார்கள். ரத்தம் என்ன, நிறம் என்ன என்று நான் விசாரிப்பதில்லை. பத்து நாள் உன் பக்கத்தில் உட்கார யார் வருவார்கள், அதன் பிறகு யார் வீட்டு அடுப்படியில் நீ நிற்பாய் என்று மட்டும் கேட்கிறேன். இரண்டுக்கும் பெயர் சொல்ல முடிந்தவரை இதுவரை நான் பார்க்கவில்லை. அதனால் எல்லாரையும் தவ்லிமா போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன். வெளியாட்களுக்கென்றே புழக்கத்தில் வந்த கைப்பட்டை அது. அதில் பொய் இல்லை, ஒரே உட்காரலில் முடிந்துவிடும், யாருக்கும் கடன் இல்லை. ஒரு நிபந்தனை வைக்கிறேன்: முடிந்ததும் துஃபுங்காவுக்குப் பணம் கொடுக்கும்போது, தோலைப் பிடித்தவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், அவர் பெயரைக் கேட்டு வந்து என்னிடம் சொல்ல வேண்டும். பணத்தை எல்லாரும் கொடுத்துவிடுகிறார்கள். பெயரைத்தான் பெரும்பாலும் மறந்துவிட்டு வருகிறார்கள். திருப்பி அனுப்பிக் கேட்டுவரச் சொல்கிறேன்.